புதுத் தொழில் எண்ணம் பிறக்கும் வழி

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் பிள்ளைகளைத் தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்து வந்துள்ளது. பலர் அரசுப் பணியில் அமர்ந்தனர். எனினும் படித்த அனைவர்க்கும் அரசுப் பணி கிட்டுவதில்லை. தொழில் முனைவோருக்கென 2023ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைத் தொடங்கியது; 35 விழுக்காடு மூலதன மானியம் அதில் உண்டு. ஆயினும், 'என்ன தொழில்?' என்று கேட்டால் விடையாக நம்மிடம் ஓர் எண்ணம் வேண்டுமன்றோ? அது பிறக்கும் வழிகளை ஆராய்வோம்.

முதலாவது, இடர்ப்பாட்டைக் கூர்ந்து நோக்குதல். கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம், தம் மனைவி மாதவிலக்கு நாள்களில் பழந்துணியைப் பயன்படுத்துவதை 1998இல் கண்டார். கடைப்பொருளின் விலை எட்டாததே காரணம் என உணர்ந்தார். பல ஆண்டுகள் முயன்று, சிற்றூர்ப் பெண்களே இயக்கத்தக்க எளிய பொறியை உருவாக்கினார். 2016இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது.

இரண்டாவது, மாற்றிப் பார்த்தல். 'எதை மாற்றலாம், எதைச் சேர்க்கலாம், எதை நீக்கலாம், வேறெதற்குப் பயன்படுத்தலாம்' என்பன போன்ற வினாக்களை அமெரிக்கக் கல்வியாளர் பாப் எபர்லே 1971இல் வரிசைப்படுத்தித் தந்தார். மகாராட்டிரத்தில் 2015இல் காளை, எருது வதைக்குத் தடை வந்தபின் தோல் தொழிலாளர் பலர் பிழைப்பிழந்தனர். சுதீர் ராஜ்பர் என்னும் கலைஞர், மும்பைத் தாராவியின் தோல் வினைஞர்களோடு இணைந்து, தோலுக்கு மாற்றாக மறுசுழற்சி ரப்பரில் பைகள் செய்வித்தார். வசைச் சொல்லாக வீசப்பட்ட 'சமார்' என்பதையே தம் நிறுவனத்தின் பெயராக்கினார். குலத்தொழிலுக்குத் திரும்புங்கள் என்று நாம் சொல்லவில்லை. எத்தொழிலையும் நாமே தேர்ந்தெடுப்பதுதான் விடுதலை.

மூன்றாவது, எட்டாததை எட்டச் செய்தல். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. விலையையே பெயராக்கி, ஏழையும் வாங்கலாம் என்று அறிவித்த இதழ் அது.

நான்காவது, கூடிச் சிந்தித்தல். எண்ணங்களைத் திரட்டும் வேளையில் எதையும் குறைகூறலாகாது என்பது, அமெரிக்க விளம்பரத் துறையினர் அலெக்ஸ் ஆஸ்பார்ன் 1953இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்திய விதி. பிறர்க்கு இஃது ஓர் உத்தி. நமக்கோ மானப் பிரச்சினை. விடை தெரிந்தும் கை உயர்த்தாத நம் பிள்ளைகளை வகுப்பறையில் பல்லாண்டு கண்டுள்ளோம். அறியாமை அன்று, நகைப்பார்களோ என்ற அச்சமே அக்கையைத் தாழ்த்தியது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்து 1958இல் வெளியான ஆய்வு மற்றோர் உண்மையைக் காட்டிற்று: தனித்தனியே சிந்தித்தோரின் எண்ணங்களைத் தொகுத்தபோது, கூடிப் பேசிய குழுவினரைவிட மிகுதியான எண்ணங்கள் கிடைத்தன. ஆதலின் முதலில் தனியே எழுதுவோம். பின்னர்க் கூடிப் பேசுவோம்.

இளைஞர்களே! ஒரு வேண்டுகோள். நம் கழகப் படிப்பகத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். தெருவிலும் வயலிலும் வீட்டிலும் கண்ட இடர்ப்பாடு ஒன்றை வாரந்தோறும் ஒவ்வொருவரும் அதில் எழுதுங்கள். மாதம் ஒருமுறை கூடிப் படிப்போம். அன்று எவரும் எவரையும் பார்த்து நகைக்கலாகாது. நூறு எண்ணங்களுள் தொண்ணூற்றொன்பது வீழினும் கவலையில்லை. எஞ்சும் ஒன்று, ஒரு குடும்பத்தைக் கூலிக்குக் கைகட்டும் நிலையினின்று மீட்குமாயின், இவ்விழா பயனுடையதாகும்.