கிங்டம் ட்ரெயில்ஸ்: நூறு பேர் நிலத்தில் ஒரு சைக்கிள் பாதை

(நம் சங்கத்தின் மூத்த குடிமக்கள் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



மகள் வீட்டில் நான்கு மாதம் இருந்துவிட்டு வந்ததும் நம் செயலாளர், "மேடம், நயாகரா பற்றி ஒரு பத்து நிமிஷம் பேசுங்களேன்" என்றார். நயாகராவைப் பற்றி இந்த ஹாலிலேயே மூன்று பேர் பேசியாகிவிட்டது. படங்களும் காட்டியாகிவிட்டது. அதனால் நான் சைக்கிள் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சரி என்றார்.

மகள் இருப்பது பாஸ்டன் பக்கம். அங்கிருந்து காரில் வடக்கே மூன்று மணி நேரம் போனால் வெர்மான்ட் மாநிலத்தில் ஈஸ்ட் பர்க் என்று ஒரு சின்ன ஊர் வரும். இன்னும் கொஞ்சம் போனால் கனடா எல்லை. மலையும் காடும் மாட்டுப் பண்ணைகளுமான பகுதி. மூன்று மாவட்டங்கள் சேர்ந்த அந்த மூலையை 'நார்த்ஈஸ்ட் கிங்டம்' என்கிறார்கள். ராஜாவும் கிடையாது, ராஜ்யமும் கிடையாது. 1949இல் ஜார்ஜ் ஐக்கன் என்ற செனட்டர் அந்தப் பக்கத்தின் அழகைப் பார்த்துச் சொன்ன பெயர், அப்படியே நிலைத்துவிட்டது. அந்தக் காட்டுக்குள் 160 கிலோமீட்டருக்கும் மேல் சைக்கிள் பாதை போட்டிருக்கிறார்கள். பெயர் கிங்டம் ட்ரெயில்ஸ். 1994இல் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து தொடங்கிய, லாப நோக்கம் இல்லாத சங்கம் ஒன்று அதை நடத்துகிறது.

சைக்கிள் பாதை என்றதும் தார் ரோட்டோரம் கோடு போட்ட பாதையை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது ஒற்றையடிப் பாதை. மேப்பிள், பிர்ச், பைன் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும். வேர் இருக்கும், பாறை இருக்கும், ஓடைக்கு மேல் மரப்பலகைப் பாலம் இருக்கும். சைக்கிளும் வேறு மாதிரி. முன்னால் ஷாக் அப்சார்பர், தடித்த டயர், அதில் காற்றும் குறைவாகத்தான் அடிப்பார்கள். பாதையின் கடினத்தைப் பலகையில் குறி போட்டுக் காட்டுகிறார்கள். பச்சை வட்டம் சுலபம், நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு டைமண்ட் என்றால் தெரிந்தவர்கள் மட்டும். பனிச்சறுக்கு மைதானத்தில் இருந்து எடுத்துக்கொண்ட குறிகள். நானும் வாடகைக்கு ஒன்று எடுத்துப் பச்சை வட்டத்தில் ஓட்டினேன். வேலையில் சேர்ந்த புதிதில் கிளைக்கு லேடீஸ் சைக்கிளில்தான் போவேன். அந்தத் தைரியம். பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தது வேறு விஷயம்.

தள்ளிக்கொண்டு வந்ததில் ஒரு லாபம், பாதையை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று நிதானமாகப் பார்த்தேன். மலைப் பாதைக்கு முதல் எதிரி சைக்கிள் இல்லை, தண்ணீர். மழைநீர் பாதையை வாய்க்காலாக்கிக்கொண்டு நீளவாட்டில் ஓடத் தொடங்கினால், இரண்டு மூன்று மழையில் மண் கரைந்து பள்ளமாகிவிடும். அதனால் செங்குத்தாக மேலே ஏற்றாமல், மலையின் இடுப்பைச் சுற்றினாற்போல் குறுக்கே வெட்டுகிறார்கள். மலைச்சரிவு எவ்வளவோ, பாதையின் ஏற்றம் அதில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது கணக்கு. பாதையின் வெளி ஓரம் லேசாகத் தாழ்ந்திருக்கும், தண்ணீர் குறுக்கே கடந்து கீழே போய்விடும். அதோடு, ஏறிக்கொண்டே போகும் பாதை சில இடங்களில் சட்டென்று கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறும். ஓட்டுபவர்களுக்கு அது விளையாட்டு. உண்மையில் அந்தப் பள்ளம் தண்ணீரை வெளியே தள்ளுவதற்காக. நம் மொட்டை மாடியில் வாட்டம் சரியில்லாமல் போன மழைக்கு நாம் பட்ட பாட்டை அங்கே நின்று நினைத்துக்கொண்டேன்.

பனி உருகும் ஏப்ரல் மாதத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். மேல்மண் உருகிவிடும், அடிமண் இன்னும் உறைந்தே கிடக்கும், தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் எல்லாம் சேறாகிவிடும். அந்தச் சேற்றில் ஒரு நாள் டயர் ஓடினால் சரிசெய்ய ஒரு கோடைகாலம் வேண்டும்.

பாஸ் கொடுக்கும் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். "இந்த நிலமெல்லாம் யாருடையது? அரசாங்கக் காடா?" முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டியவள். அதில் பாதிக் காலம் அடமானக் கடன் பிரிவு. நிலத்தைப் பார்த்தால் பத்திரம்தான் கண்ணுக்குத் தெரியும். அவள் சொன்னாள், "இல்லை, தனியார் நிலம். ஏறக்குறைய நூறு உரிமையாளர்கள்." வாடகை எவ்வளவு என்று கேட்டேன். "ஒன்றும் கிடையாது. சும்மா விடுகிறார்கள்."

எனக்குத் திக்கென்றது. நம் ஊர்ப் பத்திரங்களில் 'வழிநடைப் பாத்தியம்' என்று ஒரு வரி பார்த்திருப்பீர்கள். 1882ஆம் வருஷத்து ஈஸ்மென்ட் சட்டப்படி, ஒரு வழியை உரிமையாகவே கொண்டாடி, தடையில்லாமல் 20 வருஷம் அனுபவித்தால் அது பாத்தியதை ஆகிவிடும். ஆனால் உரிமையாளர் "போய்க்கோ" என்று சொல்லி அதன்பேரில் போனால் அது லைசென்ஸ், வெறும் அனுமதி. எத்தனை வருஷம் நடந்தாலும் அனுமதி அனுமதிதான். நிரந்தரமான கட்டடம் கட்டிச் செலவு செய்திருந்தால் மாதிரியான சில விலக்குகள் தவிர, கொடுத்தவர் நினைத்தால் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அங்கேயும் அடிப்படை இதுதான். வெர்மான்டில் வேலி போடாத நிலத்தில் வேட்டையாடும் சுதந்திரத்தை 1777இலேயே அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தார்கள், ஆனால் சைக்கிளுக்கு அதில் இடமில்லை. ஒரே ஒரு வசதி, நிலத்தைக் காசு வாங்காமல் பொழுதுபோக்குக்கு விடுகிறவரை, யாராவது விழுந்து காலை உடைத்துக்கொண்டால் எளிதில் கோர்ட்டுக்கு இழுக்க முடியாதபடி ஒரு சட்டம் உண்டு. அது இருப்பதால்தான் விடுகிறார்கள்.

ஆக, அந்த ஊரின் சைக்கிள் கடை, ஓட்டல், தங்கும் விடுதி எல்லாம் நூறு பேரின் நல்ல மனதின் மேல் நிற்கின்றன. வங்கியில் இப்படி ஒரு ஜாமீனை வைத்துக் கடன் கேட்டிருந்தால் எங்கள் மேனேஜர் ஃபைலைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

2019 டிசம்பரில் அது நடந்தும்விட்டது. டார்லிங் ஹில் என்ற நீளமான குன்றுதான் அந்தப் பாதைகளின் நடுநாயகம். அங்கே நிலம் வைத்திருந்த மூன்று பேர், இனி எங்கள் நிலத்தில் சைக்கிள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நடப்பவர்கள் வரலாம், பனிச்சறுக்குக்காரர்கள் வரலாம், சைக்கிள் மட்டும் கூடாது. ஊரின் மக்கள்தொகை இரண்டாயிரம்கூட இல்லை. வருகிறவர்களோ வருஷத்துக்கு லட்சத்துக்கும் மேல். சனி ஞாயிறில் குறுகலான ரோடெல்லாம் கார். குதிரையில் வருபவருக்கு ஒதுங்காமல் உரசிக்கொண்டு போவது, பாஸ் வாங்கிவிட்டேன் என்ற நினைப்பில் பேசுவது, இதெல்லாம் சேர்ந்துவிட்டது என்று ஊரில் சொல்கிறார்கள். அந்த மூன்று பேர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. 25 வருஷம் காசு வாங்காமல் வாசலைத் திறந்து வைத்தவர்கள். பாஸுக்குக் கொடுத்த பணம் அவர்கள் கைக்குப் போகவே இல்லை, பாதை பராமரிப்புக்குத்தான் போகிறது. அது ஓட்டுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

பாதைகள் துண்டுபட்டன. அதன் பிறகு சங்கம் புதுப் பாதை வெட்டுவதோடு நிற்காமல், வருகிறவர்களைப் பழக்குவதிலும் இறங்கியது. நன்றியோடு ஓட்டுங்கள் என்று போகிற இடமெல்லாம் பலகை. தொண்டர்கள் காட்டுக்குள் சுற்றி வந்து, நல்லபடியாகவே எடுத்துச் சொல்கிறார்கள்.

என் பேத்திக்குப் பதினொரு வயது. நீலச் சதுரத்தில் சர்ரென்று இறங்குவாள். ஒரு திருப்பத்தில் எதிரே குதிரையில் ஒரு வயதான அம்மாள் வந்தார். இவள் பிரேக் போட்டு இறங்கி, பாதையின் பள்ளப் பக்கமாக ஒதுங்கி நின்று, "குட் மார்னிங், குதிரைக்கு என்ன பெயர்?" என்று உரக்கக் கேட்டாள். எனக்கு அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது. பிறகுதான் சொன்னாள், "பாட்டி, ஹெல்மெட் போட்டுச் சைக்கிளோடு நிற்பது மனுஷன்தான் என்று குதிரைக்குத் தெரியாதாம். பேச்சுக் குரல் கேட்டால்தான் மிரளாது. பள்ளப் பக்கம் நின்றால் நாம் அதற்குப் பெரிதாகத் தெரிய மாட்டோம்." அந்த அம்மாள் குதிரையை நிறுத்தி இவளோடு ஐந்து நிமிஷம் பேசிவிட்டுப் போனார். அவரும் அங்கே நிலம் கொடுத்தவர்களில் ஒருவராம். ஒரு பாதை அவர் வீட்டுக் கொல்லையைத் தாண்டித்தான் போகிறது.

பிள்ளைகள் அந்தப் பக்கம் இருப்பவர்கள் போகலாம். மே மாதத்துக்கு மேல் போங்கள், இலை சிவக்கும் செப்டம்பர் கடைசி இன்னும் அழகு, ஆனால் கூட்டமும் அதிகம். சைக்கிள், ஹெல்மெட் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஓட்டவே வேண்டாம், பைன் மரத்தடியில் உட்கார்ந்தாலே போதும்.

நம் பின் கேட்டுக்கு வெளியே உள்ள தோப்பு வழியைப் பற்றி ஏதாவது சொல்வேன் என்று சிலர் என் முகத்தையே பார்க்கிறீர்கள். தோப்புக்காரர் வாட்ச்மேனிடம் பேசியது எனக்கும் தெரியும். அடுத்த கமிட்டி கூட்டத்தில் அது அஜெண்டாவில் இருக்கிறது, அங்கே பேசிக்கொள்ளலாம். இப்போது டீ வந்துவிட்டது.