பாலாறு கடலைச் சேரும் கரையில்

செங்கல்பட்டிலிருந்து தெற்கே போகிறவர்கள் மாமண்டூருக்கு முன்னால் பாலாற்றுப் பாலத்தைக் கடக்க வேண்டும். பாலம் நீண்டுகொண்டே போகும். கீழே பெரும்பாலும் மணலும் நாணலும்தான். "இதுவா ஆறு?" என்று ஜன்னலோரக் குழந்தை கேட்டால், தயங்காமல் ஆமாம் என்று சொல்லுங்கள்.

பள்ளிப் பாடத்தில் நைல், யூப்ரடீஸ், சிந்து என்று படித்தோம். எத்தியோப்பிய மலைகளில் பெய்த மழை ஆண்டுதோறும் எகிப்து வயல்களில் வண்டலைக் கொண்டுவந்து கொட்டியது. சிந்துவுக்கு இமயத்துப் பனி உண்டு. கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து 348 கிலோமீட்டர் வரும் நம் பாலாற்றுக்குப் பனி ஏது? மழை பெய்தால் வெள்ளம். 2021 நவம்பரில் கரைபுரண்டதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். மற்ற நாளில் தண்ணீர் மணலுக்கடியில்தான் நடக்கும்.

அந்த நீரை நம்பித்தான் இங்கே மனிதர்கள் ஊர் கட்டினார்கள். மணலில் ஊற்றுக்கால் வெட்டி வயலுக்கு நீர் கொண்டுபோனார்கள். மழைநீரை ஏரிகளில் தேக்கினார்கள். செங்கல்பட்டு ரயில் நிலையத்தை ஒட்டி விரிந்து கிடக்கும் கொளவாய் ஏரியைப் பார்த்தாலே இந்த மண்ணின் குணம் புரிந்துவிடும். உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்குப் பெயர் போனவை. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்த அந்தச் சாசனங்களில் ஏரி வாரியம் என்று தனிக்குழுவே இருக்கிறது. ஏரியைக் காக்கத் தேர்ந்தெடுத்த ஆட்கள்! எனக்கு அந்தக் கல்வெட்டில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இன்னும் பின்னால் போவோம். செங்கல்பட்டுக்கு அருகே சாணூரில் 1950லும் 1952லும் இந்தியத் தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. கல்வட்டங்களுக்குள்ளே கால் வைத்த சுடுமண் ஈமப்பேழைகள், கருப்பு சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள் கிடைத்தன. இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட ஈமக்காடுகள் பெரும்பாலும் உழவுக்கு ஆகாத கல்லாங்காட்டில்தான் இருக்கின்றன. தண்ணீர் தங்கும் நிலத்தைப் பயிருக்கு விட்டுவிட்டு, மேட்டுப் பாறை நிலத்தை இறந்தவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள்.

இப்போது திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்கு வருவோம். கல்பாக்கத்துக்குச் சற்றுத் தெற்கே, வாயலூர்ப் பக்கம் பாலாறு கடலில் கலக்கிறது. முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள சிற்றூர் வசவசமுத்திரம். 1970இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது, மேலைநாட்டு மது, எண்ணெய் வந்திறங்கிய ஆம்போரா ஜாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. கூடவே உறைகிணறுகள். சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறக்கியிருந்தார்கள். மணல் சரியாது, ஊற்று மட்டும் உள்ளே சுரக்கும். கப்பலில் வந்தவனும் கரையில் இருந்தவனும் குடித்தது அந்த ஊற்றுத் தண்ணீரைத்தான்.

இதே கடற்கரையில் இருக்கும் மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு என்கிற பெரும்பாறையை எல்லோரும் பார்த்திருப்போம். பகீரதன் தவம் என்பாரும் உண்டு. பாறையின் நடுப்பிளவில் நாகர்கள் நீந்தி ஏறுகிறார்கள். கங்கை இறங்குவதாகக் காட்சி. பிளவுக்கு மேலே நீர் தேக்கிவைக்க இடம் இருந்ததற்கு அடையாளம் உண்டு. விழா நாளில் உண்மையாகவே தண்ணீர் வழிந்தோட விட்டிருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இதைச் செதுக்கிய, ஏரிகளும் வெட்டிய பல்லவர்களுக்கு, இறங்கிவரும் நீரின் அருமை தெரிந்திருந்தது.

இப்படி அவ்வளவு காலம் நீரைக் காத்துத் தந்த பாலாற்று மணல் லாரி லாரியாக அள்ளப்பட்டிருக்கிறது. மணல் போனால் ஊற்று போகும். கரையோரக் கிணறுகளில் உப்பு ஏறும். வாயலூரில் தடுப்பணை கட்டியது நல்ல காரியம். மணலையும் விட்டுவைக்க வேண்டும்.

அடுத்த முறை மாமல்லபுரம் போகும்போது, கடற்கரைக் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். கல்பாக்கம் தாண்டி வாயலூர் வரை போய், பாலாறு கடலைத் தொடும் இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.