கால்வாய் அடைத்திருக்க, போரைப் பற்றி என்ன பேச்சு?

(தொலைக்காட்சிக் கருத்துக்களம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வழக்கமாக நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பவள். இன்று பதில் சொல்கிற நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். கொஞ்சம் படபடப்பாகத்தான் இருக்கிறது.

எனக்கு முன் பேசிய அண்ணன் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு அமர்ந்திருக்கிறார். "குப்பை அள்ளுவதும் கால்வாய் கழுவுவதும்தான் மாநகர மன்றத்தின் வேலை. கடல் கடந்து நடக்கிற போரைக் கண்டித்துத் தீர்மானம் போட இவர்கள் யார்?" என்றார். அவையே கைதட்டியது. உண்மையைச் சொன்னால் நானும் தட்டினேன். எங்கள் தாமானில் வீட்டுக்கு முன்னால் ஓடும் கால்வாய் மூன்று வாரமாக அடைத்துக் கிடக்கிறது. இரவில் கொசு தூக்கிக்கொண்டு போகிறது. எந்த மன்றத்துக்கு உட்பட்ட தாமான் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

இருந்தாலும் அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு நான் உங்களை அமெரிக்காவின் சிகாகோ நகருக்கு அழைத்துப் போகிறேன்.

சிகாகோ மாநகர மன்றத்தில் 50 வட்டாரங்கள், 50 உறுப்பினர்கள். ஆல்டர்மன் என்று சொல்வார்கள். நம் அண்ணன் சொல்கிற எல்லா வேலையும் இவர்களுக்கும் உண்டு. பனிக்காலத்தில் தெருவில் பனி அள்ளப்படவில்லை என்றால் மக்கள் முதலில் திட்டுவது இவர்களைத்தான். இந்த மன்றம் 2003 ஜனவரி 16-ஆம் நாள் கூடியது. அதிபர் புஷ் ஈராக் மீது போர் தொடுக்கத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். முன்கூட்டியே தாக்கும் அந்தப் போரை எதிர்த்து ஜோ மூர் என்ற உறுப்பினர் கொண்டுவந்த தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 46, எதிர்ப்பு 1.

எதிர்த்து வாக்களித்த அந்த ஒருவர் ஜேம்ஸ் பால்சர். வியட்நாம் போரில் போரிட்டுத் திரும்பியவர். அவரை நான் குறைத்துப் பேச மாட்டேன். போரை உடம்பால் அறிந்த ஒரு மனிதர், சுற்றி 46 பேர் ஒரு பக்கம் நிற்கும்போது, தனியாக எழுந்து தன் பெயரை மறுபக்கம் எழுத வைத்தார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப இங்கே வருவோம்.

சிகாகோ மட்டுமல்ல. அந்தக் குளிர்காலத்தில் அமெரிக்காவில் 150-க்கும் மேற்பட்ட நகரங்களும் மாவட்டங்களும் இப்படித் தீர்மானம் போட்டன. பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் 9-க்கு 4 என்று நிறைவேற்றியது. மார்ச் 12-இல் நியூயார்க் 31-க்கு 17. நியூயார்க்கை யோசித்துப் பாருங்கள். ஒன்றரை ஆண்டுக்கு முன்புதான் உலக வர்த்தக மையத்தில் 2,753 உயிர்களைப் பறிகொடுத்த நகரம். பழிவாங்கு என்று கத்த யாருக்காவது காரணம் இருந்தது என்றால் அது அந்த ஊருக்குத்தான். அந்த ஊரின் மன்றம், மற்ற வழிகள் எல்லாம் தீரும் முன் ஈராக் போர் கூடாது என்றது.

இதெல்லாம் நகரத்தின் வேலையா? அவர்கள் சொன்ன கணக்கு எளிமையானது. போருக்குப் போகிற பையன் பென்டகனில் பிறந்து வளர்ந்தவன் அல்லன், ஏதோ ஒரு வட்டாரத்தில் ஏதோ ஒரு தெருவில் வளர்ந்தவன். போலீஸ்காரர்களிலும் தீயணைப்பு வீரர்களிலும் சேமப்படையில் பெயர் கொடுத்தவர்கள் உண்டு, போர் வந்தால் அவர்களையும் அழைத்துக்கொள்வார்கள். போருக்குப் போகிற பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வராது. அண்ணன் சொல்கிற கால்வாய்க்கும் வராது.

சரி, போர் நின்றதா? நிற்கவில்லை. நியூயார்க் தீர்மானம் போட்ட எட்டாம் நாள் பாக்தாத்தில் குண்டு விழுந்தது. நான் அப்போது இடைநிலைப் பள்ளி மாணவி. செய்தியில் அந்த இரவு வானம் பச்சை பச்சையாக மின்னியதும், அப்பா சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்ததும் நினைவிருக்கிறது. போருக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. அமெரிக்க வீரர்கள் 4,400-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஈராக்கியப் பொதுமக்களின் உயிரிழப்பு ஒரு லட்சத்தைத் தாண்டியது.

ஆகவே தீர்மானம் போட்டால் போர் நிற்கும் என்று நான் வாதாட வரவில்லை. நகரத்துக்கு அந்த அதிகாரமே கிடையாது. வெளியுறவு என்பது அங்கே மத்திய அரசின் கையில். மாசாசூசெட்ஸ் மாநிலம் 1996-இல் ஒரு சட்டம் போட்டது. பர்மாவில் தொழில் நடத்தும் நிறுவனங்களிடமிருந்து மாநில அரசு பொருள் வாங்குவதை அது தடுத்தது. 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஒருமனதாக அதைத் தள்ளிவிட்டார்கள். மாநிலத்துக்கே அந்த நிலை என்றால் நகரத்துக்கு என்ன மிச்சம்? வாய் மட்டும்தான். "எங்கள் ஊர் இப்படி நினைக்கிறது" என்று சொல்லலாம்.

அந்த வாயை வைத்து என்ன சாதிக்கலாம் என்பதற்கு மறுபடி சிகாகோ. இருபது ஆண்டு கழித்து.

2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கியது. ஒரு வாரத்துக்குள், 13-ஆம் தேதி, சிகாகோ மன்றம் அவசரமாகக் கூடித் தாக்குதலைக் கண்டித்தும் இஸ்ரேலுக்கு ஆதரவு தெரிவித்தும் தீர்மானம் நிறைவேற்றியது. கொண்டுவந்தவர் மன்றத்தின் ஒரே யூத உறுப்பினரான டெப்ரா சில்வர்ஸ்டீன். கூட்டத்தில் ஒரே கூச்சல். கடைசியில் குரல் வாக்கெடுப்பு. ஆம் என்போர் ஆம் என்க, இல்லை என்போர் இல்லை என்க, முடிந்தது. யார் எந்தப் பக்கம் என்று பெயர் பெயராக எழுதிவைக்கவில்லை.

பிறகு காஸாவில் குண்டுமழை. குழந்தைகளின் சடலங்கள். சிகாகோவை உள்ளடக்கிய குக் மாவட்டத்தில் பாலஸ்தீன வம்சாவளியினர் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அவர்களுக்கு அது வெளிநாட்டுப் போரா என்ன? சில்வர்ஸ்டீனின் சொந்த வட்டாரத்தில் யூதக் குடும்பங்களும் நிறைய, நம்மவர் கடைகளும் நிறைய. அங்கே டெவன் அவென்யூ என்று ஒரு கடைத்தெரு. புடவைக் கடை, மசாலாக் கடை எல்லாம் வரிசையாக இருக்கும். அந்தச் சாலையின் பகுதிகளுக்குக் கௌரவப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதிக்குக் காந்தி, ஒரு பகுதிக்கு முகமது அலி ஜின்னா, இன்னொரு பகுதிக்கு இஸ்ரேலின் முன்னாள் பிரதமர் கோல்டா மேயர். ஒரே தெரு! உலகத்துச் சண்டை எல்லாம் அந்தத் தெருவில் காய்கறி வாங்க வருகிறது. அந்த ஊர் உறுப்பினரிடம் போய், "வெளிநாட்டு விவகாரம் உனக்கெதற்கு?" என்று கேட்டால் சிரிப்பார்.

2024 ஜனவரி 31-இல் போர்நிறுத்தம் கோரும் தீர்மானம் வந்தது. நிரந்தரப் போர்நிறுத்தம், நிவாரண உதவி, பிணைக் கைதிகள் விடுதலை மூன்றையும் கேட்டது. முந்தின நாள் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறி ஊர்வலம் வந்திருந்தார்கள். மன்றத்தில் கூச்சல் அடங்காமல் பார்வையாளர்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. இந்த முறை குரல் வாக்கு கிடையாது. ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். ஆதரவு 23, எதிர்ப்பு 23. சமன். மேயர் பிராண்டன் ஜான்சன் தம் வாக்கை ஆதரவாகப் போட்டு 24-க்கு 23 என்று நிறைவேற்றினார். சில்வர்ஸ்டீன் எதிர்த்தார். ஹமாஸின் குற்றத்தை அது போதுமான அளவு சொல்லவில்லை என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

ஏறக்குறைய ஓராண்டு கழித்துத்தான், 2025 ஜனவரி 19-இல், ஒரு போர்நிறுத்தம் வந்தது. அதுவும் மார்ச்சில் உடைந்தது. சிகாகோவால் வந்தது என்று யாரும் சொல்லப் போவதில்லை.

எனக்கோ அந்தப் பெயர் கூப்பிடும் நிமிடம்தான் முக்கியமாகப் படுகிறது. 2003-இன் 46-ஐவிட 2024-இன் 24 கனமானது என்று நினைக்கிறேன். ஓர் ஊர் முழுவதும் ஒரே பக்கம் நிற்கும்போது கை தூக்குவது சுலபம். இரண்டாகப் பிளந்து நிற்கும்போது, மறுநாள் காலையில் கடைத்தெருவில் முகத்துக்கு நேர் பார்க்க வேண்டிய ஆட்களுக்கு முன்னால், "ஆம்" அல்லது "இல்லை" என்று பெயரோடு சொல்ல வேண்டும். எதிர்த்த சில்வர்ஸ்டீனுக்கும் அந்த மரியாதையை நான் தருவேன், 2003-இன் பால்சருக்குத் தந்தது போல. அக்டோபரில் குரலோடு குரலாகக் கலந்துகொண்டவர்களுக்கு அதைத் தர முடியவில்லை. வாஷிங்டனில் இருப்பவர் தொலைவில் இருக்கிறார். வட்டார உறுப்பினருக்குத் தப்பிக்க வழியில்லை. அதனால்தான் இது நகரத்தின் வேலையும்கூட என்கிறேன்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நானே கேட்டுக்கொள்கிறேன். எத்தனையோ இரவு இதே நிலையத்தில் உட்கார்ந்து "இரு தரப்பினரும்" என்று சொல்லியிருக்கிறேன். நல்ல சொல் அது. யாரும் புகார்க் கடிதம் எழுத மாட்டார்கள். டிப்ளோமா படித்தபோது நடுநிலை என்று பாடம் நடத்தினார்கள், தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். என் பெயரைக் கூப்பிட்டு யாரும் ஆமா, இல்லையா என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று உறுதியாகத் தெரியவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1957-இல் ஜார்ஜ்டவுன் நகரின் முதல் மேயராக வந்தவர் ஒரு தமிழர், டி.எஸ். இராமநாதன். அந்நாளில் மக்கள் வாக்களித்து ஊராட்சி மன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்தலை 1965-இல் நிறுத்தினார்கள். காரணமாகச் சொல்லப்பட்டது எது தெரியுமா? இந்தோனேசியாவுடனான மோதல். அடுத்த ஆண்டே அது ஓய்ந்தது. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம், தேர்தலை மீண்டும் கொண்டுவரலாம் என்றது. கொண்டுவரவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. போரைப் பற்றி நகரம் பேசலாமா என்று நாம் இங்கே வாதிடுகிறோம். நம் நகரங்களின் வாக்குச்சீட்டைக் கொண்டுபோனதே அந்த மோதல்தான்.

போன வாரம் அந்தக் கால்வாய் விஷயமாக மன்றத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். புகாரைப் பதிவு செய்துகொண்டார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். எங்கள் பகுதிக்கு நியமிக்கப்பட்ட உறுப்பினர் யார், பெயர் என்ன என்று கேட்டேன். கொஞ்சம் காத்திருங்கள் என்றார்கள். பாட்டு ஓடியது. இரண்டாவது பாட்டும் ஓடியது. ஒளிப்பதிவுக்கு நேரமாகிவிட்டதால் வைத்துவிட்டு வந்தேன்.