மைலும் கூலியும்



உழைப்பை அளந்து ஊதியம் கொடுக்கும் கோல்கள் பல. ஆசிரியருக்கு மாதம் ஒரு கோல். மேசனுக்கு நாள் ஒரு கோல். தையற்காரருக்குத் தைத்து முடித்த சட்டை ஒரு கோல். எவ்வளவு தருவார்கள் என்று மட்டும் கேட்டு, எக்கோலால் அளப்பார்கள் என்று கேளாது தொழிலில் இறங்குபவன் பின்னர் வருந்த நேரிடும். இவ்வுண்மையை ஐக்கிய அமெரிக்காவின் தொலைதூர லொறிச் சாரதிகளின் தொழிலைப் போலத் தெளிவாகக் காட்டுவது வேறொன்று இருத்தல் அரிது. அங்கே பெரும்பாலும் மைலே கோல். சக்கரம் உருண்டால் கூலி, நின்றால் இல்லை. அத்தொழிலிற் புதிதாகச் சேரும் ஒருவன் எதனை எதிர்பார்க்கலாம், எதனை எதிர்பார்த்தலாகாது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அந்த நாட்டின் வழியை நோக்குவோம். 1956 ஆம் ஆண்டில், சனாதிபதி ஐசன்ஹோவர் காலத்திலே நிறைவேறிய சட்டம் ஒன்று, 41,000 மைல் நீளமான மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளுக்கு வழிவகுத்தது. அவற்றுள் ஒன்றான 80 ஆம் இலக்கச் சாலை, மேற்கே சன் பிரான்சிஸ்கோவில் தொடங்கி, வயோமிங்கின் காற்று வீசும் மேட்டு நிலத்தைக் கடந்து, கிழக்கே நியூ ஜேர்சியில் முடிகிறது. அதன் நீளம் ஏறக்குறைய 2,900 மைல். இத்தகைய சாலைகளிலே, சரக்கும் வண்டியுமாக 80,000 இறாத்தல் வரை நிறையுள்ள லொறியைத் தனியொருவனாகச் செலுத்திச் செல்வதே தொலைதூரச் சாரதியின் தொழில். வண்டியின் முன்னறையிலே இருக்கைக்குப் பின்னால் ஒரு சிறு கட்டில் உண்டு. வாரக்கணக்கில் அதுவே அவனுக்கு வீடு.

இத்தொழிலுக்குள் நுழைவது பெரிதும் கடினமன்று. மாநில எல்லை கடந்து ஓட்ட 21 வயது நிறைந்திருத்தல் வேண்டும். வர்த்தக வண்டிகளுக்கான தனி அனுமதிப்பத்திரம் வேண்டும். அதனை நாடெங்கும் ஒரே தரத்தில் அமைத்தது 1986 ஆம் ஆண்டுச் சட்டம். 2022 பெப்ரவரி முதலாக, பதிவுபெற்ற பயிற்சியிடமொன்றிற் பயின்ற பின்னரே அதற்கான ஓட்டப் பரீட்சைக்குத் தோற்ற முடியும். பயிற்சிக்குப் பணம் வேண்டுமே! கையிற் பணமில்லாதவனுக்குக் கொம்பனியே பயிற்சியளிக்கும். ஆனால் இத்தனை மாதம், பெரும்பாலும் ஓராண்டு, எம்மிடம் வேலை செய்தல் வேண்டும், இடையில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தருதல் வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்ளும். அனுமதிப்பத்திரம் பெற்ற பின்னரும், அனுபவமுள்ள சாரதி ஒருவரோடு சில வாரங்கள் ஓடிப் பழக வேண்டும். அக்காலத்தில் வாரத்துக்கு இவ்வளவென்று ஒரு சிறு தொகையே கிடைப்பது வழக்கம்.

அதன் பின்னரே மைற் கணக்குத் தொடங்குகிறது. ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரத்தில் ஓர் இளைஞனைக் கற்பனை செய்து பார்ப்போம். அவன் கண்ட விளம்பரம், மைலுக்கு 50 சதம், வாரம் 2,500 மைல் என்கிறது. இளைஞன் கணக்குப் போடுகிறான். வாரம் 1,250 டொலர். ஆண்டுக்கு 65,000 டொலர். நல்ல வருவாயன்றோ! கணக்கிற் பிழையில்லை. ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது முதல் வாரத்திலேயே அவனுக்குப் புலப்பட்டுவிடும்.

திங்கட்கிழமை காலை கொலம்பசிலே சுமையேற்றிக்கொண்டு டெக்சாஸ் மாநிலத்து டலஸ் நகருக்குப் புறப்படுகிறான். தூரம் ஏறக்குறைய 1,050 மைல். செவ்வாய் இரவு சேர்ந்துவிடுகிறான். புதன் காலை களஞ்சியசாலையின் வாயிலிலே வரிசை. சுமை இறங்கி முடிய ஐந்து மணிநேரம் செல்கிறது. அடுத்த சுமை அன்று இல்லை. வியாழன் நண்பகலிலே ஜோர்ஜியா மாநிலத்து அற்லாண்டாவுக்கு ஒரு சுமை கிடைக்கிறது. தூரம் 780 மைல். சனி காலை அதனை இறக்குகிறான். அங்கிருந்து வீட்டுக்கு இன்னும் 570 மைல். ஆனால் அத்திசைக்குச் சுமை திங்களன்றுதான் உண்டு என்கிறார்கள். லொறிகள் தரித்து நிற்கும் வெளியொன்றிலே அவனுடைய ஞாயிற்றுக்கிழமை கழிகிறது.

இப்பொழுது கூலியைப் பார்ப்போம். ஓடியது 1,830 மைல். கூலி 915 டொலர். ஸ்ரியறிங்கைப் பிடித்திருந்த நேரம், மணிக்கு 55 மைல் என்று கொண்டால், 33 மணி. ஆயின் சுமையேற்றல், வண்டியைச் சோதித்தல், டீசல் நிரப்பல், வாயிலிலே காத்திருத்தல் ஆகியவற்றுக்கு மேலும் 22 மணி சென்றிருந்தால், வேலையோடு பிணைந்திருந்த நேரம் 55 மணியாகும். ஓடிய மணிக்கு 27 டொலருக்கு மேல் என்று தோன்றிய கூலி, உழைத்த மணிக்கு 16 டொலர் 60 சதம் அளவில் வந்து நிற்கிறது. இத்தகைய வாரங்கள் 50 கொண்ட ஓராண்டிலே அவன் பெறுவது 45,750 டொலர். எண்ணிய 65,000 அன்று. விளம்பரம் பொய் சொல்லவில்லை. அது சொன்ன சதமும் உண்மை. கொடுத்த சதமும் உண்மை. வராதது மைல்.

வராத மைலை அடுத்த நாள் கூடுதலாக ஓடி ஈட்டிக்கொள்ளலாகாதா என்று கேட்கலாம். சட்டம் அதற்கு இடந்தராது. பத்து மணிநேர ஓய்வின் பின் வேலை தொடங்கும் சாரதி, அதிலிருந்து 14 மணிநேரத்துக்குள்ளே, கூடியது 11 மணிநேரமே வண்டியோட்டலாம். எட்டு நாளிலே 70 மணிநேர வேலை முடிந்துவிட்டால் அதற்குமேல் ஓட்டலாகாது. 2017 டிசம்பர் முதலாக, வண்டியிற் பொருத்திய மின்னணுக் கருவி இந்நேரங்களைத் தானே குறித்துக்கொள்கிறது. களைத்த சாரதியிடமிருந்து அவனையும் வழியிற் செல்வோரையும் காப்பதற்காக எழுந்த நல்ல விதிகளே இவை. ஆயினும் களஞ்சியசாலை வாயிலிற் காத்து நிற்கும்போதும் அந்தப் பதினான்கு மணிநேரம் பொதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். ஐந்து மணிநேரம் வீணானால், அவ்வளவும் அன்றைய கூலியிலிருந்து கழிந்ததற்கு ஒப்பாகும். காத்திருப்புக்குக் கட்டணம் உண்டு என்பார்கள். பெரும்பாலும் முதல் இரண்டு மணிநேரத்துக்கு ஒன்றுமில்லை. அதற்குப் பின்னர் சரக்குடையவர் கொடுப்பதிலே சாரதிக்கு எவ்வளவு சேரும் என்பது கொம்பனிக்குக் கொம்பனி வேறுபடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. எந்த மைல் என்பதே அது. வண்டியின் அளவுகருவி காட்டும் மைல் ஒன்று. லொறி செல்லத்தக்க வழியைக் கொண்டு கணிக்கும் மைல் வேறொன்று. ஊருக்கு ஊர் மிகக் குறுகிய வழியைக் கொண்டு கணிக்கும் பழைய அட்டவணை மைல் பிறிதொன்று. இவ்வட்டவணை வீட்டுத் தளபாடங்களை ஏற்றிச் செல்வோருக்காக முதலில் எழுந்தது. இதன்படி கூலி கணிக்கும் இடத்திலே, நூறு மைல் ஓடியவன் தொண்ணூற்றைந்து மைலுக்கே கூலி பெறுவதும் உண்டு. ஆகவே குறுகிய மைலுக்கு 52 சதம் என்பதைவிட, ஓடிய மைலுக்கு 50 சதம் என்பது மேலானதாக இருத்தல் கூடும்.

இந்நிலை இயற்கையாக அமைந்ததன்று. சட்டமும் சந்தையும் சேர்ந்து அமைத்தது. 1935 ஆம் ஆண்டிலே லொறிப் போக்குவரத்து மத்திய அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. கட்டணங்களையும் புதியோர் நுழைவையும் ஓர் ஆணைக்குழு ஒழுங்குசெய்தது. 1938 ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி வேண்டுமென்றது. ஆனால் வேலைநேரம் வேறு சட்டத்தினால் ஒழுங்குசெய்யப்படுகிறது என்ற காரணங்காட்டி, மாநிலங்களிடை ஓடும் சாரதிகளை அவ்வுரிமையிலிருந்து விலக்கிவைத்தது. அவ்விலக்கு இன்றும் நீடிக்கிறது. 1964 ஆம் ஆண்டில் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தின் தலைவர் ஜேம்ஸ் ஹொஃபா, நாடு தழுவிய ஓர் ஒப்பந்தத்தை நிறைவேற்றி, இலட்சக்கணக்கான சாரதிகளுக்கு ஒரே தரமான நல்ல கூலியைப் பெற்றுக்கொடுத்தார். பின்னர் 1980 ஜூலை 1 ஆம் நாள் சனாதிபதி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டம் அக்கட்டுப்பாடுகளைப் பெரிதும் தளர்த்தியது. புதிய கொம்பனிகள் பெருகின; சரக்குக் கட்டணம் குறைந்தது; பொருள் வாங்குவோர் பயனடைந்தனர். ஆனால் சங்கத்தின் பிடி தளர்ந்தது. விலைவாசியோடு ஒப்பிடச் சாரதியின் கூலியும் வீழ்ந்தது. முன்னர்த் தாமே லொறி ஓட்டிப் பின்னர்ப் பேராசிரியரான மைக்கேல் பெல்சர் என்பவர், இவ்வீழ்ச்சியை ஆராய்ந்து 2000 ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார்.

காத்திருக்கும் நேரத்துக்கு விலையில்லாதபோது, அதனை வீணாக்குவதற்கு ஒருவரும் அஞ்சுவதில்லை. களஞ்சியசாலையின் தாமதத்துக்குப் பெரும்பகுதி விலையைச் சாரதியே செலுத்துகிறான். இதனாலேயே பெருங் கொம்பனிகளிலே ஆண்டுதோறும் விலகிச் செல்வோர் தொகை, பல ஆண்டுகளிலே நூற்றுக்குத் தொண்ணூறு என்ற அளவை எட்டியிருக்கிறது. சாரதிகள் கிடைக்கவில்லை என்று கொம்பனிகள் முறையிடுகின்றன. கிடைத்தவர்கள் நிற்கவில்லை என்பதே பொருத்தமான கூற்றாகும். 1997 இல் ஒரு பெருங் கொம்பனி தன் மைற் கூலியை ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு உயர்த்தியது. அதனை ஆராய்ந்த பெல்சரும் அவருடன் சேர்ந்தோரும், விலகுவோர் தொகையும் விபத்துகளும் ஒருங்கே குறைந்தமையைக் கண்டனர். சாரதியின் கூலி அவன் வீட்டுக் காரியம் மட்டுமன்று, அதே சாலையிலே பிள்ளைகளோடு செல்லும் குடும்பத்தின் பாதுகாப்பும் அதிலே தங்கியிருக்கிறது என்பது இதனாற் பெறப்படும்.

புதியவன் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய பொறி ஒன்றும் உண்டு. கூலி போதவில்லையே என்று அவன் மனஞ்சோரும் வேளையில், வண்டியைக் குத்தகைக்கு எடுத்து நீயே முதலாளியாகிவிடு என்று கொம்பனி அழைக்கும். குத்தகைத் தவணை, டீசல், திருத்தச் செலவு, காப்புறுதி அனைத்தும் அன்று முதல் அவன் தலைமேல். சுமை கொடுப்பதோ அதே கொம்பனி. சில வாரங்களிலே கழிவுகள் போகக் கையில் ஒன்றும் மிஞ்சாமலும் இருத்தல் கூடும். இத்தகைய திட்டங்களை ஆராய மத்திய அரசு அமைத்த குழு, கொம்பனிகளே நடத்தும் குத்தகைக் கொள்வனவுத் திட்டங்களைத் தடைசெய்ய வேண்டுமென 2025 ஜனவரியிலே விதந்துரைத்தது.

இவ்வளவு கேட்டதும், இத்தொழில் ஆகாத தொழில் என எண்ணிவிடலாகாது. விபத்தின்றி ஓராண்டை நிறைவுசெய்தவனுக்குப் பல கதவுகள் திறக்கின்றன. நகருக்கு நகர் ஒழுங்காக ஓடும் சில்லறைச் சரக்குக் கொம்பனிகள், தமது பொருளைத் தாமே ஏற்றும் பெருவணிக நிலையங்கள், திரவமும் அபாயப் பொருளும் ஏற்றும் தாங்கி வண்டிகள் ஆகியன கூடிய கூலி கொடுக்கின்றன. சில மணிக்கணக்கிலும் கொடுக்கின்றன. 2024 மே மாத அரசாங்கக் கணக்கின்படி, கனரக லொறிச் சாரதிகளில் நடுநிலையில் நிற்பவரின் ஆண்டுக் கூலி 57,440 டொலர். பாதிப்பேர் அதற்கு மேலும் பாதிப்பேர் அதற்குக் கீழும் பெறுகின்றனர். பல்லாண்டு அனுபவமுள்ளோரும் அக்கணக்கில் அடங்குவர். ஆகையால் புதியவன் அதனைத் தன் முதலாண்டின் கூலியாகக் கொள்ளாது, எட்டத்தக்க ஓர் இலக்காகக் கொள்வதே முறை.

ஆகவே ஒப்பந்தத்திற் கையொப்பமிடுமுன் அவன் கேட்க வேண்டிய கேள்விகள் சில. கூலிக்குரியது எந்த மைல்? வெறும் வண்டியை ஓட்டும் மைலுக்கும் கூலி உண்டா? காத்திருப்புக்கு எத்தனையாவது மணியிலிருந்து, எவ்வளவு? மைல் வராத வாரத்துக்குக் குறைந்தபட்சத் தொகை ஏதும் உறுதியா? விலகினால் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன் எவ்வளவு? எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வீடு? இவற்றுக்கெல்லாம் மேலாக, ஓராண்டுக்கு முன்னர் அங்கே சேர்ந்த சாரதிகள் சென்ற மாதம் உண்மையாகவே பெற்ற மைல் எத்தனை? இக்கேள்விகளுக்கு எழுத்தில் விடை தரும் கொம்பனியை நம்பலாம். சிரித்து மழுப்பும் கொம்பனி, மைலுக்கு ஐந்து சதம் கூடத் தந்தாலும், அங்கே விழிப்பாயிருத்தல் நன்று. ஆண்டின் தொடக்கத்திலே, தை, மாசியிலே சரக்குக் குறையும் என்பதையும் எண்ணி, நல்ல மாதத்து வருவாயிற் சிறிது ஒதுக்கிவைத்தல் வேண்டும்.

அற்லாண்டாவின் தரிப்பு வெளியிலே ஞாயிற்றுக்கிழமையைக் கழித்த அவ்விளைஞன், திங்கள் காலை மறுபடியும் புறப்படுகிறான். பின்னே பூட்டிய பெட்டியிலே யாரோ ஒருவர் வீட்டுக்கு வேண்டிய மாவும் மருந்தும் இருக்கலாம். அவை கடைத்தட்டிலே வந்து அமர்ந்தபோது அவற்றின் விலையை எல்லோரும் படிப்பர். அவ்விலையைக் குறைவாக வைத்திருப்பதிலே, வாயிலிற் காத்து நின்ற ஒருவனின் கூலியில்லாத ஐந்து மணிநேரமும் அடங்கியிருக்கிறது என்பதைப் படிப்போர் சிலரே.