தண்ணீர்விட்டான் குடும்பமும் நம் வேலியோரச் செடிகளும்

(கழகத்தின் வெள்ளி விழாவில் மாணவர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வெள்ளி விழா மேடையில் செடி கொடிகளைப் பற்றிப் பேச விரும்புகிறோம் என்று நாம் கூறியபோது விழாக் குழுவினர் சற்றே தயங்கினர். கல்வியின் தேவையையும் ஒற்றுமையின் இன்றியமையாமையையும் பற்றிப் பேச வல்லார் இம்மேடையில் பலர் உளர். நாமோ தாவரவியலைக் கற்பித்தே காலம் கழித்தோம். தெரிந்ததைப் பேசுவதே முறையன்றோ? மேலும், சிதம்பரத்தில் செடியைப் பற்றிப் பேசுவது பொருந்தாத செயலும் அன்று. தில்லை என்னும் இவ்வூரின் பழம்பெயரே ஒரு மரத்தின் பெயர். அம்மரத்தை ஊருக்குள் காண்பது அரிது. பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் இன்றும் காணலாம். அதன் பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதை அங்குத் துடுப்புப் போடுவோர் நன்கு அறிவர். இதே ஊரில்தான் 1916ஆம் ஆண்டில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்து, பள்ளிப் படி ஏற இயலாதிருந்த பிள்ளைகளைப் படியேற்றினார். அப்படியேறிய பின்னர் உள்ளே என்ன கற்கிறோம் என்பதுதான் இன்றைய நம் பேச்சு.

நாம் அறிந்த ஒரு மாணவன் கதையைக் கூறித் தொடங்குவோம். ஒரு கல்லூரியில் செய்முறைத் தேர்வு. மேசைமேல் முள் நிறைந்த ஒரு கொடியின் கிளை வைக்கப்பட்டிருந்தது. நம் மாணவன் அதைக் கண்டதும் மகிழ்ந்தான். கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் புதர்களில் அவன் ஆயா தோண்டி எடுத்து வந்து, பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பால் சுரக்க வேண்டுமென்று பாலில் காய்ச்சிக் கொடுக்கும் தண்ணீர்விட்டான் கொடியே அது. தாளில் ‘தண்ணீர்விட்டான் கிழங்கு’ என்று எழுதினான். குடும்பம் எது, காரணம் யாது என்னும் இடங்களை வெறுமையாக விட்டான். பக்கத்தில் நின்ற மாணவன் ‘லில்லியேசி’ என்று மனப்பாடமாக எழுதி மதிப்பெண் பெற்றான். வெளியே வந்ததும் அவன் நம் மாணவனிடம், “அது என்ன செடி? எங்கே முளைக்கும்?” என்று கேட்டானாம். இருவரிடமும் பாதி அறிவு இருந்தது. ஆனால் ஒரு பாதிக்கே மதிப்பெண் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. மதிப்பெண் பெற்ற அந்த விடையைத் தாவரவியல் உலகம் இன்று ஏற்பதில்லை. அது எவ்வாறு மாறிற்று என்பதைக் காண்போம்.

முதலில் அக்கிளையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஊசி ஊசியாகப் பச்சை நிறத்தில் கொத்துக் கொத்தாய் இருப்பவற்றை இலைகள் என்று எண்ணுவீர்கள். அவை இலைகள் அல்ல. கொத்தின் அடியில் நகக்கண் அளவும் இல்லாத ஒரு செதில் உண்டு, அதுவே இலை. இலைக் கோணத்திலிருந்து கிளை தோன்றுமே அன்றி மற்றோர் இலை தோன்றாது. ஆகவே ஊசி போன்றவை யாவும் குறுகிய தண்டுகளே. உணவு சமைக்கும் இலையின் தொழிலைத் தண்டு ஏற்றுக்கொண்டிருக்கிறது. இதனைக் கிளாடோடு என்று பாடநூல் கூறும். முதன்மைத் தண்டில் அச்செதிலின் அடிப்பகுதி இறுகி முள்ளாகிறது. மண்ணுக்கடியில் வேர்கள் கொத்தாகப் பருத்து நீரையும் உணவையும் சேமிக்கின்றன. கோடையில் மேலே காய்ந்தாலும் மழை கண்டதும் தளிர்ப்பது இவ்வேர்களால்தான். தண்ணீர்விட்டான் என்று பெயரிட்டவர்கள் வேரைத் தோண்டிப் பார்த்துப் பெயரிட்டவர்கள். ஏட்டைப் பார்த்து அல்லர்.

பூ சிறியது, வெண்மையானது, மணமுள்ளது. பூவிதழ்கள் 6, மகரந்தத் தாள்கள் 6, சூலகத்தில் 3 அறைகள். இலண்டன் கியூ தோட்டத்தைச் சார்ந்து உழைத்த பெந்தமும் ஹூக்கரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட பெருநூலில், இத்தகைய பூவுள்ள ஒருவிதையிலைத் தாவரங்களைச் சூல்பையின் இருப்பிடத்தைக் கொண்டு பிரித்தனர். சூல்பை இதழ்களுக்கு மேலே இருந்தால் லில்லியேசி. கீழே இருந்தால் அமரில்லிடேசி. மேல்மட்டச் சூல்பை, கீழ்மட்டச் சூல்பை என்னும் சொற்களைக் கேட்டவுடன் நம் பிள்ளைகள் முகம் சுளிப்பதுண்டு. இங்கு மேல், கீழ் என்பன இருக்கும் இடத்தை மட்டுமே குறிக்கும், தகுதியைக் குறிப்பதில்லை.

அந்த முறைப்படி தண்ணீர்விட்டான், வெங்காயம், நரிவெங்காயம், சோற்றுக் கற்றாழை, செங்காந்தள் யாவும் ஒரே லில்லிக் குடும்பத்தில் அடைக்கப்பட்டன. ரயில் பாதையோரத்து ஆனைக் கற்றாழையும் மாலைக்குரிய நிலச்சம்பங்கியும் கீழ்மட்டச் சூல்பை உடையவை ஆதலின் அமரில்லிடேசிக்குச் சென்றன. வேலியோரத்து மருளோ ஹீமோடோரேசி என்னும் மூன்றாம் வீட்டில் குடியேற்றப்பட்டது. காம்பிள் என்பாரின் சென்னை மாகாணத் தாவர நூலும் இவ்வழியையே பின்பற்றியது. நாம் கற்றதும் இதுவே. நெடுங்காலம் கற்பித்ததும் இதுவே.

ஒரே உறுப்பைக் கொண்டு குலத்தை முடிவு செய்தது தவறு என்பதற்கு முதல் வலுவான சான்று 1933இல் வந்தது. அமெரிக்காவில் மெக்கெல்வி, சாக்ஸ் ஆகிய இருவரும் ஆனைக் கற்றாழை இனமாகிய அகேவின் குரோமோசோம்களையும் யுக்கா என்னும் செடியின் குரோமோசோம்களையும் ஒப்பிட்டனர். யுக்காவிற்குச் சூல்பை மேலே, அகேவிற்குக் கீழே. ஒன்று லில்லி வீடு, மற்றொன்று அமரில்லி வீடு. எனினும் இரண்டிலும் பெரிய குரோமோசோம்கள் 5, சிறியவை 25 என்னும் ஒரே அமைப்பு! அடுத்த ஆண்டிலேயே ஹட்சின்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர் இரண்டையும் அகேவேசி என்னும் தனிக் குடும்பத்தில் சேர்த்தார்.

குரோமோசோம் என்றவுடன் ஒருவரை நினைவுகூராமல் செல்ல மனம் வரவில்லை. தலைச்சேரியில் 1897இல் தீயர் சமுதாயத்தில் பிறந்து, சென்னையில் பயின்று, 1945இல் டார்லிங்டனுடன் இணைந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை வெளியிட்டவர் ஜானகி அம்மாள். இறுதிக் காலத்தில் சென்னையை அடுத்த மதுரவாயலில் ஆய்வு செய்து 1984இல் மறைந்தார். நம் பெண் பிள்ளைகள் இவர் வரலாற்றைத் தேடிப் படிக்க வேண்டும்.

பின்னர் 1985இல் டால்கிரனும் அவர்தம் துணைவர்களும் பழைய லில்லிக் குடும்பத்தைப் பல சிறு குடும்பங்களாகப் பிரித்தனர். அதன்பின் மரபணு எழுத்துகளையே படித்து ஒப்பிடும் காலம் வந்தது. பல நாட்டு அறிஞர் கூடி 1998இல் ஒரு புதிய வகைப்பாட்டை வெளியிட்டனர். 2003, 2009, 2016 ஆகிய ஆண்டுகளில் அதனைத் திருத்தினர். அவற்றுள் 2009ஆம் ஆண்டுத் திருத்தமே நமக்கு இன்றியமையாதது. தண்ணீர்விட்டான், அகேவ், மருள், நரிவெங்காயம் ஆகியவற்றின் கூட்டங்கள் அனைத்தும் அஸ்பராகேசி என்னும் ஒரே பெருங்குடும்பமாக அன்று இணைக்கப்பட்டன. இன்று அதில் ஏறத்தாழ 3,000 இனங்கள், 7 துணைக் குடும்பங்கள். அவற்றுள் மூன்று நம் வேலியோரத்தில் காண்பதற்கு அரியவை; ஆதலின் பெயர்களைச் சொல்லி உங்களைக் களைப்படையச் செய்ய மாட்டோம். எஞ்சிய நான்கிற்கும் நம் வேலியோரமே போதும்.

மருளை எடுத்துக்கொள்வோம். சங்கப் பாடல்களில் மரல் என வருவது இதுவே என்பர். தண்டு வெளியே தெரியாமல், தடித்த வரியோடிய இலைகள் மண்ணிலிருந்தே எழும். இலையைப் பலகைமேல் இட்டுச் சுரண்டி அலசினால் வெண்ணிற நார் கிடைக்கும். வில்லுக்கு நாண் திரிக்க உதவியமையால் ஆங்கிலேயர் இதனை வில்நாண் சணல் என்றே அழைத்தனர். சான்செவீரியா ராக்ஸ்பர்கியானா என்னும் பெயர், சோழமண்டலக் கரையின் தாவரங்களை எழுதிய ராக்ஸ்பரோவின் நினைவாக வைக்கப்பட்டது. நார் உரித்துக் கயிறு திரித்தவர் எவர் பெயரும் செடிக்கு இல்லை. சான்செவீரியாவையும் டிரசீனா என்னும் பேரினத்தோடு 2018இல் இணைத்துவிட்டனர். அங்காடிகளில் தொட்டியில் வைத்து விற்கும் பாம்புக் கற்றாழை இம்மருளின் ஆப்பிரிக்க உறவாகும்.

கற்றாழை என்னும் பெயரில் ஒரு குழப்பம் உண்டு. சோற்றுக் கற்றாழை அரபு நாட்டிலிருந்து வந்தது, ஆண்டுதோறும் பூக்கும், இலையை ஒடித்தால் உள்ளே சோறு போன்ற கூழ். அது இன்று வேறு குடும்பம். கடலூர், சிதம்பரம் வழிச் செல்லும் ரயிலில் அமர்ந்து பார்த்தால் வேலியாகத் தென்படும் ஆனைக் கற்றாழை மெக்சிக்கோவிலிருந்து வந்தது, பல்லாண்டு காத்திருந்து, கம்பம் போல் ஒரே ஒரு பூந்தண்டை உயர்த்திப் பூத்து மடியும், இலையில் நார், சாறு பட்டால் தோல் அரிக்கும். ரயில் கற்றாழை என்னும் பெயர் இதற்கே உரியது. முன்னதைப் போல இதனைத் தோலில் பூசிப் பார்க்க வேண்டா.

மெக்சிக்கோவின் இன்னொரு கொடை நிலச்சம்பங்கி. கடைத்தெருவில் முழம் போட்டு விற்கும் அந்த வெண்மலர் இன்று அகேவ் பேரினத்திலேயே வைக்கப்பட்டுள்ளது. மணமக்கள் கழுத்து மாலையும் ரயில் பாதை முள்வேலியும் உடன்பிறப்புகள் என்றால் நம்புவீர்களா? பூவின் அமைப்பைப் பிரித்துப் பார்த்தவர்கள் நம்புவார்கள்.

இனிக் கூறப்போவதைத் தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டும். மணற்பாங்கான கடலோரத்தில் இலையே இல்லாமல் முதலில் பூந்தண்டை மட்டும் நீட்டும் நரிவெங்காயமும் இக்குடும்பமே. அதன் குமிழம் வெங்காயம் போலவே இருக்கும். வெங்காய மணம் மட்டும் இராது. இதயத் துடிப்பைக் குலைக்கும் நஞ்சு அதில் உண்டு. உண்மையான வெங்காயமோ இன்று அமரில்லிடேசி. அவ்வாறே, மாநில மலராகிய செங்காந்தளின் கண்வலிக்கிழங்கு உயிரைப் போக்கும் கொல்ச்சிசின் நஞ்சுடையது. அது வேறு வரிசையையே சார்ந்தது. தண்ணீர்விட்டானும் செங்காந்தளும் ஒரே புதரில் பின்னிக் கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். கொடி காய்ந்தபின் கிழங்கை மட்டும் பார்த்துத் தோண்டினால் என்ன நேரும்? கொத்தாய், கதிர் போல இருபுறமும் கூர்ந்த வேர்கள் தண்ணீர்விட்டான்; கலப்பை போல் வளைந்து இருகவராய் இருப்பது கண்வலிக்கிழங்கு. கலப்பைக் கிழங்கு என்று முன்னோர் அதற்குப் பெயரிட்டது இதற்காகவே. நரி, பேய் என்னும் அடைமொழிகளும் பல செடிகளில் எச்சரிக்கைப் பலகைகளே. பேய்ச்சுரையை எவர் குழம்பில் இடுவர்? எழுதப் படிக்க இடம் மறுக்கப்பட்டவர்கள் பெயருக்குள்ளேயே பாடத்தைப் பொதிந்து வைத்தனர்.

அந்தப் பாடம் தெரிந்தவர்கள் குறைந்து வருகின்றனர். நம் ஆயாமார்கள் தண்ணீர்விட்டான் தூரை முழுவதும் பெயர்ப்பதில்லை; சில வேர்களை எடுத்துக்கொண்டு மற்றவற்றை மண்ணால் மூடிவிடுவர்; மறு மழையில் கொடி தழைக்கும். சதாவரி என்னும் பெயரில் மருந்து வணிகத்திற்கு எடை கணக்கில் தோண்டுவோர் அவ்வாறு செய்வதில்லை. புதர்க்காடுகளோ முந்திரித் தோப்பாகவும் மனையாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன.

மாணவர்களுக்கு ஒரு சொல். தேர்வில் இக்கிளையைக் கண்டால் என்ன எழுதுவது என்று நேற்று ஒருவர் கேட்டார். பாடத்திட்டம் பெந்தம், ஹூக்கர் முறை என்றால் லில்லியேசி என்றே எழுதுக. அடுத்த வரியில், 2009ஆம் ஆண்டு வகைப்பாட்டின்படி அஸ்பராகேசி என்றும் எழுதுக. காரணத்தைத் தவறாமல் எழுதுக. தமிழ்ப் பெயரையும் எழுதுக. அதற்கு மதிப்பெண் தராவிட்டாலும் எழுதுக. தேர்வாளரும் ஒரு பெயரைக் கற்றுக்கொள்ளட்டும்.

வரும் ஞாயிறு காலை 6 மணிக்குக் கேப்பர் மலைக்கு மாணவர்களோடு செல்லத் திட்டமிட்டுள்ளோம். வருவோர் பழைய செய்தித்தாள் ஒரு கட்டு, சணல் கயிறு, பென்சில், குறிப்பேடு ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு கிளையையும் தாளிடை அழுத்தி, இடம், நாள், ஊர்ப்பெயர், அப்பெயரைச் சொன்னவர் பெயர் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஆகவே வீட்டில் செடி அறிந்த ஆயாவோ தாத்தாவோ இருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். அவர்களுக்குப் பேருந்துக் கட்டணத்தைக் கழகம் தரும் என்று செயலாளர் நம்மிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார்.