பொன்விழாவில் பொன்னின் கணக்கு



பொன்விழாவில் பொன்னைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நகைக்கடை விளம்பரம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் வைத்திருப்பது மளிகைக்கடை.

என் அண்ணன் மகன் இயற்பியல் படிக்க ஆசைப்படுகிறான். "கருந்துளையைப் படித்தால் கடை வாடகை கட்ட முடியுமா?" என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டவர்களில் நானும் ஒருவன். அன்றிரவு, "சாச்சா, இதைப் பாருங்கள்" என்று கைப்பேசியில் ஒரு படம் காட்டினான். கணினியில் போட்ட கணக்கே படமாக ஓடுகிறது. ஒரு நியூட்ரான் நட்சத்திரம் கருந்துளையைச் சுற்றிச் சுற்றி நெருங்கி, வால் நீண்டு பிய்கிறது.

நியூட்ரான் நட்சத்திரம் என்பது பெரிய நட்சத்திரம் எரிந்து முடிந்து நொறுங்கியபின் மிஞ்சுவது. குறுக்களவு மெர்லிமாவிலிருந்து மலாக்கா நகரம் வரைதான். எடையோ சூரியனைவிட அதிகம். அதைவிடக் கனமானது நொறுங்கினால் கருந்துளை. இந்த வழிக்கு முதல் அடி எடுத்தவர்களில் ஒருவர் நம் தமிழர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர், 1930இல், 19 வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே கணக்குப் போட்டார். எரிந்து அடங்கிய நட்சத்திரம் ஓர் அளவுக்குமேல் கனத்தால் தன்னையே தாங்காது என்றார். சூரியனைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்று இன்று சொல்லும் வரம்பு அது. நோபல் பரிசு வர 1983 ஆயிற்று.

அவருக்குக் காகிதம் போதுமாயிருந்தது. இரண்டு பொருள்கள் மோதும்போது போதாது. நான் போலிடெக்னிக்கில் படித்தபோது இரும்பு உத்தரத்தைக் கணினியில் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, பாரம் ஏற்றினால் எங்கே வளையும் என்று பார்ப்போம். இங்கேயும் அதே வேலைதான். ஆனால் வெட்டுவது இரும்பை மட்டுமல்ல, அண்டவெளியையும் காலத்தையும். ஜப்பானிய அறிஞர்கள் ஷிபாடாவும் உர்யூவும் 2006இல் இந்த இணைவைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். பின்னர் ஷிபாடாவின் குழு 2 விநாடி வரை தொடர்ந்து கணக்கிட்டது. இரண்டே விநாடிதான், அதற்கே பெரிய பெரிய கணினிகள்!

கணக்கு கேட்பது ஒரே கேள்வி: விழுங்குமா, பிய்க்குமா? கருந்துளை பெரிதாக இருந்தால் நட்சத்திரத்தை முழுசாக விழுங்கிவிடும். வெளிச்சமும் இல்லை, மிச்சமும் இல்லை. சிறிதாக இருந்தால், அல்லது வேகமாகச் சுழன்றால், உள்ளே விழுவதற்குள் பிய்த்துவிடும். முன்பக்கத்தை இழுக்கும் பலத்துக்கும் பின்பக்கத்தை இழுக்கும் பலத்துக்கும் அவ்வளவு வித்தியாசம். அப்படிச் சிதறும் துணுக்குகளில்தான் தங்கம் போன்ற கனமான உலோகங்கள் உருவாகும்.

இந்தக் கணக்கை உரசிப் பார்க்க உரைகல்லும் கிடைத்தது. 2020 ஜனவரி 15 அன்று, ஏறத்தாழ 100 கோடி ஒளியாண்டு தொலைவிலிருந்து ஈர்ப்பு அலை வந்து சேர்ந்தது. சூரியனைப் போல் சுமார் 6 மடங்கு கருந்துளை, 1.5 மடங்கு நட்சத்திரம். வெளிச்சம் எதுவும் தென்படவில்லை. முழுசாக விழுங்கியிருக்கும் என்றே கணக்கும் சொன்னது. 2023 மே 29இல் வந்த அலையில் கருந்துளை இன்னும் சிறியது. முன்னதைவிடப் பிய்த்திருக்க வாய்ப்பு கூடுதல். ஆனால் அன்று அதைக் கேட்டது ஒரே ஒரு கருவி. திசை தெரியாமல் தொலைநோக்கியை எங்கே திருப்புவது? தங்கம் சிதறியிருந்தாலும் யாரும் பார்க்கவில்லை. எனக்கு அதை நினைத்தால் இப்போதும் மனசு கேட்கவில்லை.

மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் இன்னொரு கருவி அமைக்க 2023இல் இந்திய அரசு ஒப்புதல் தந்தது. சென்னைக்குப் பக்கத்தில் சிறுசேரியில் உட்கார்ந்தும் இந்த அலைகளை ஆராய்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டபின் நான் கட்சி மாறிவிட்டேன். முதல் வருடக் கட்டணத்தில் பாதி என் பொறுப்பு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். அண்ணன் இன்னும் சம்மதிக்கவில்லை. மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.