அடிச்செடியின் பெயரை எழுதிக் கொடு!

(திருவட்டாறு விவசாயிகள் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)



ரப்பர் விலையும் காட்டுப்பன்றியும் நம்மை வாட்டும்போது, ‘ஒட்டுக்கன்றுக்கு அடிச்செடியின் பெயரை எழுதிக் கொடு’ என்ற கோரிக்கை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நான் பட்டதைச் சொல்றேன், கேளுங்க.

என் மச்சினனுக்குத் தாழையூத்துப் பக்கம் அரை ஏக்கர் நிலம். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற ஊர் அது. ஒரு நாற்றுப்பண்ணையில் 60 சாத்துக்குடி ஒட்டுக்கன்று வாங்கி நான்தான் நட்டுக் கொடுத்தேன். மறுவருஷமே கொழுந்து வெளுத்தது. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. யூரியா போட்டோம், தண்ணீரைக் கூட்டினோம். இன்னும் மோசமாச்சு. மூணு வருஷத்தில் பாதிக்கு மேல் பட்டுப்போச்சு. அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லல்ல. அதுதான் எனக்குத் தாங்கல்ல.

பிறகுதான் விவரம் புரிந்தது. தழைச்சத்து குறைந்தால் முத்தின இலை முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்து கிடைக்காவிட்டால் கொழுந்துதான் முதலில் வெளுக்கும். மண்ணில் இரும்பு இருக்கு. சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்திருக்கு. அன்னபேதியை மண்ணில் போட்டால் அதுவும் பூட்டிக்கொள்ளும். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் கரைத்து இலையில் தெளித்தால் பச்சை திரும்பும். ஆனால் அடுத்த கொழுந்துக்கு மறுபடி தெளிக்கணும். ஆயுசு முழுக்கத் தெளிக்க யாரால் முடியும்?

வேர்தான் மண்ணோடு மல்லுக்கட்டுகிறது. அந்த வேர் சாத்துக்குடியின் வேர் அல்ல, அடிச்செடியின் வேர். ஒட்டுக்குக் கீழே வெடித்த துளிரைப் பார்த்தேன். ஒரு காம்பில் மூணு இலை. மூவிலை ஆரஞ்சு இனம்! சுண்ணாம்பு மண்ணுக்கு அது கொஞ்சமும் ஆகாது. ரங்கபூர் எலுமிச்சை அடிச்செடியாக இருந்தால் ஓரளவு தாங்கியிருக்கும். புளிப்பு ஆரஞ்சும் சுண்ணாம்பைத் தாங்கும். ஆனால் அதன்மேல் கட்டிய சாத்துக்குடி டிரிஸ்டெசா நச்சுயிரியில் பட்டுப்போகும். 1930, 40-களில் பிரேசிலில் லட்சக்கணக்கான மரங்கள் அப்படித்தான் அழிந்தன.

‘நம்ம விளையில் செம்மண்தானே, நமக்கென்ன?’ என்று இருந்துவிடாதீங்க. நம்ம மண் புளிப்பு மண், இரும்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் நமக்கு மழை ஜாஸ்தி. வெள்ளம் கட்டினால் தூர் அழுகும். ஜம்பேரி எலுமிச்சை வேருக்கு அந்த நோய் சீக்கிரம் வரும். அங்கே ஆகாத மூவிலை ஆரஞ்சு அந்த நோயை நன்றாகத் தாங்கும். மண்ணுக்கு ஒரு வேர்! பெயர் தெரியாமல் எப்படித் தேர்ந்தெடுப்பது? தப்பு தெரிய மூணு வருஷம் ஆகும். அதற்குள் பில்லும் இருக்காது, கன்று விற்றவரும் கைவிரிப்பார்.

2015-ல் வந்த மண்வள அட்டையில் 12 விவரம் உண்டு. இரும்பு உண்டு, கார அமில நிலை உண்டு. சுண்ணாம்பு எவ்வளவு என்ற கணக்கு இல்லை!

ஆகவே நாம் கேட்பது:

1. ஒவ்வொரு ஒட்டுக்கன்றின் அட்டையிலும் பில்லிலும் அடிச்செடியின் பெயரை எழுது! மானியக் கன்றுக்கும் எழுது!

2. பழமரம் நடுகிறவருக்கு மண்ணில் சுண்ணாம்பையும் இலவசமாகச் சோதித்துக் கொடு!

3. பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் பல அடிச்செடிகளை நட்டு, நம்ம மண்ணுக்கு எது ஏற்றது என்று விவசாயிக்குக் காட்டு!

அதுவரை நாம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடிச்செடி எதுவென்று கேளுங்க. பில்லில் எழுதச் சொல்லுங்க. எழுத மறுத்தால் கன்றை வைத்துவிட்டு வாங்க. ஒருத்தர் கேட்டால் சிரிப்பார்கள். ஊரே கேட்டால் எழுதுவார்கள்.

பெயரில்லாக் கன்று வேண்டாம்! ஒன்றுபடுவோம், வென்றெடுப்போம்!